கந்தோருக்குத் திரும்பச் சொல்கிறார்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளின் வரிசையில் களுதாவளையில் நடைபெற்ற பிரதேசப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



களுதாவளையிலும் அயலிலும் இருக்கும் பழைய மாணவியர் சார்பில் ஏதாவது பேசுங்கள் என்று செயற்குழு கேட்டபோது, விடுதி நினைவுகளையும் வலைப்பந்தாட்டப் போட்டிகளையும் பற்றிப் பேசுவோம் என்றுதான் முதலில் எண்ணினோம். அவற்றை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய அக்காமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே, இந்த வருடம் எங்கள் ஒருத்திக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச உத்தரவு கேட்டோம். செயற்குழுவும் சம்மதித்தது.

அவள் கொழும்பிலுள்ள ஒரு கொம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு போட்டபோது மடிக்கணினியுடன் ஊருக்கு வந்தாள். அன்றிலிருந்து வேலை வீட்டு அறையிலேதான். வீட்டுக்குப் பின்னால் தாயின் வெற்றிலைத் தோட்டம், முன்னால் பிள்ளை படிக்கும் பாடசாலை. மாதக் கணக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. இந்த வருடம் வந்த கடிதம் இரண்டே வரி: அடுத்த மாதம் முதலாந் திகதி தொடக்கம் வாரத்தில் மூன்று நாட்கள் அலுவலகத்தில் சமுகமளிக்க வேண்டும்.

களுதாவளையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்பு நகருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் பஸ்ஸில் போய் அங்கே றெயில் ஏற வேண்டும். அல்லது கல்முனைப் பக்கமிருந்து வரும் இரவு பஸ்ஸை மறிக்க வேண்டும். எப்படிப் போனாலும் ஓர் இரவு அல்லது ஒரு பகல் முழுவதும் வழியிலேயே போய்விடும். வாரத்தில் மூன்று நாட்கள் என்று எழுதியவருக்கு அது சிறு விசயம். இவளுக்கு அது ஊரை விட்டுக் குடிபெயர்வது.

அவள் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இத்தனை வருசமும் வேலை ஒழுங்காகத்தானே நடந்தது? பிறகு ஏன் வரச் சொல்லுறாங்கள்?” உடனே மறுமொழி சொல்ல எங்களால் முடியவில்லை. அதன்பின் கூடி வாசித்தோம், கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியரிடம் கேட்டறிந்தோம். அப்படிச் சேர்த்த மறுமொழியே இந்த உரை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. எங்கள் அம்மம்மாக்கள் அலுவலகம் என்று சொல்வதில்லை, கந்தோர் என்பார்கள். தபாற்கந்தோர், காணிக் கந்தோர். இது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் அவர்கள். பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்தின் பின்னும் நெடுங்காலம் கச்சேரி அந்தக் கோட்டைக்குள்ளேயே இருந்தது. ஏன் எல்லோரும் அங்கே போக வேண்டியிருந்தது? பதிவேடு அங்கே இருந்தது, முத்திரை அங்கே இருந்தது, பெட்டகத்தின் திறப்பு அங்கே இருந்தது. பதிவேடு நடந்து வராது, ஆகவே ஆட்கள் நடந்து போனார்கள். இன்று பதிவேடு கணினிக்குள் போய்விட்டது. களுதாவளையிலும் திறக்கலாம், கனடாவிலும் திறக்கலாம். கந்தோருக்குப் போவதற்கிருந்த மிகப் பழைய காரணம் இல்லாமற் போய்விட்டது. அப்படியானால் மிச்சமிருக்கும் காரணங்கள் எவை?

வீட்டிலிருந்து வேலை செய்வது எங்களுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை கொவிட்டினால். இரண்டாம் முறை 2022இல் எரிபொருள் இல்லாமல். அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. ஜூன் 20ஆம் திகதி தொடக்கம் இரண்டு வாரங்களுக்கு அத்தியாவசியமற்ற அரச ஊழியர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சுற்றுநிருபம் வந்தது. அதே மாதத்தில் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கு அரச ஊழியருக்கு விடுமுறை கொடுக்கவும் அமைச்சரவை அனுமதித்தது. களுதாவளையில் அதைக் கேட்டுச் சிரித்தோம். கத்தரியும் மிளகாயும் வெற்றிலையும் வைக்க எங்களுக்கு யாரும் சுற்றுநிருபம் அனுப்பியதில்லை. ஆனால் ஒன்றை அப்போது கண்டுகொண்டோம். தேவை அவர்களுடையதாக இருந்தபோது வீடும் கந்தோர்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். தேவை எங்களுடையதாகும்போதுதான் கேள்வி எழுகிறது.

உலகம் முழுவதும் இதே கதைதான். அமேசன் நிறுவனத்தின் தலைவர் அண்டி ஜசி 2024 செப்டெம்பரில் ஊழியருக்கு எழுதிய மடலில், 2025 ஜனவரி 2ஆம் திகதி முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றார். வீட்டிலிருந்து கூட்டம் நடத்த உலகத்துக்கே வழிசெய்து கொடுத்த ஸூம் நிறுவனம், அலுவலகத்துக்கு அண்மையில் இருக்கும் தன் ஊழியரை வாரத்தில் இரண்டு நாள் நேரில் வரும்படி 2023இல் கேட்டது. சென்னையில் நம்மவர் பலரும் வேலை செய்யும் டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் 2023 ஒக்டோபர் முதல் ஐந்து நாளும் வரச் சொன்னது. அடுத்த ஆண்டில், எத்தனை நாள் வந்தார்கள் என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் மாறுபடும் ஊதியத்துடனும் சேர்த்துக் கட்டிவிட்டது.

இவர்கள் எல்லோரும் புத்தியில்லாதவர்கள் அல்லர். ஆகவே அவர்களுடைய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதலாவது காரணம், கண்ணால் கண்டால்தான் மனம் நம்பும் என்பது. உடையவன் பாராத பயிர் உருப்படாது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். 2022இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் பதினொரு நாடுகளில் இருபதாயிரம் பேரிடம் கேட்டறிந்தது. ஊழியர்களில் நூற்றுக்கு 87 பேர் நாங்கள் நன்றாக வேலை செய்கிறோம் என்றார்கள். தங்கள் ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று முழு நம்பிக்கை இருப்பதாகச் சொன்ன தலைவர்கள் நூற்றுக்கு 12 பேர் மட்டுமே. இந்த இடைவெளியில்தான் அந்த இரண்டு வரிக் கடிதம் பிறக்கிறது. ஆனால் பழமொழியை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். வெற்றிலைத் தோட்டத்துக்கு உடையவர் போவது கொடியைப் பார்க்க. தண்ணீர் காணுமா, இலை பழுக்கிறதா, பந்தல் சாய்கிறதா என்று பார்க்க. கூலிக்கு வந்தவர் எத்தனை மணிக்கு வந்து குந்தினார் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கொடி காய்ந்துவிடும். வேலையை அளக்கத் தெரிந்தவருக்கு ஆளை எண்ண வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் உண்மையானது, அதை நாங்கள் மறைக்க மாட்டோம். புதிதாக வேலைக்கு வந்தவர், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் பழகுகிறார். அமெரிக்காவின் பெரிய நிறுவனமொன்றின் மென்பொருள் பொறியியலாளரைப் பொருளியலாளர் சிலர் ஆராய்ந்தார்கள். தம் குழுவினருடன் ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு, வேறு கட்டடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான திருத்தங்களும் ஆலோசனைகளும் கிடைத்தன. 2020இல் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. அருகில் இருப்பதால் அதிகம் பயன் பெற்றவர்கள் இளையவர்களும் பெண்களும். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மூத்தவர்கள் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்ததால் அவர்களுடைய சொந்த வேலை குறைந்தது. கற்றுக்கொள்பவருக்கு வரவு, கற்பிப்பவருக்குச் செலவு. ரீச்சர்மாரே, இதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, நேற்றுச் சேர்ந்த தங்கச்சியை வரச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய மூத்தவர் அன்று வீட்டில் இருந்தால், அல்லது வந்தும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், அந்த நியாயமும் போய்விடும். கொழும்பில் எங்கள் தோழி ஒருத்தி இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சிங்கப்பூரில் இருக்கும் மேலாளருடன் கணினியில் கதைத்துவிட்டு, மறுபடி இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் வருகிறாள். அந்தப் பயணத்தால் யார் என்ன படித்தார்கள்?

மூன்றாவது காரணம் கட்டடம். நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த மாடிகள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க எந்த முதலாளிக்கும் மனம் பொறுக்காது. நான்காவது, இரகசியத் தரவுகளின் பாதுகாப்பு. வங்கி போன்ற இடங்களில் அது நியாயமான கவலைதான். இவை இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது காரணத்தைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள். வரச் சொன்னால் சிலர் தாமாகவே விலகுவார்கள். விலக்கினால் கொடுக்க வேண்டிய நட்டஈடு மிச்சம். இது எங்களுடைய சந்தேகம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2024இல் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், இந்த அழைப்பினால் சிலர் தாமாகவே விலகுவார்கள் என்று எதிர்பார்த்ததாக உயர் அதிகாரிகளில் நான்கில் ஒருவர் ஒத்துக்கொண்டார்.

அப்படி விலகுபவர்கள் யார்? டாட்டா கன்சல்டன்சியின் கதையை மறுபடியும் எடுப்போம். 2023இல் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்டிருந்த நிறுவனம் அது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். வழக்கமாக அங்கே ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே வேலையை விடுவார்கள். 2023இல் வெளிவந்த ஆண்டறிக்கையில், அது தலைகீழாகிவிட்டது என்று அந்நிறுவனத்தின் மனிதவளத் தலைவர் மிலிந்த் லக்காட் எழுதினார். தொற்றுக்காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகள் மாறிவிட்டன, அதனால் அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்ப முடியாமல் இருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

‘குடும்ப ஏற்பாடு’ என்பது எவ்வளவு மெல்லிய சொல்! அதற்குள் இருப்பது என்னவென்று இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருக்கும் மாமியார், பாடசாலை விட்டு ஒன்றரை மணிக்கு வரும் பிள்ளை, வெளிநாட்டில் இருக்கும் கணவர், தண்ணீர் மோட்டார், அடுப்பு. கடிதத்தில் கையெழுத்திடும் பெரியவருக்குப் பெரும்பாலும் வீட்டில் சோறு ஆக்கி வைக்க ஒருவர் இருக்கிறார், வாசலில் வாகனம் நிற்கிறது. அவர் கந்தோரிலேயே வளர்ந்தவர். தன்னை உயர்த்திய ஏணி எல்லோருக்கும் எட்டும் என்று நினைக்கிறார். அவருக்கு எங்கள்மேல் கோபம் இல்லை. எங்கள் வீடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நமது நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே வேலையிலோ வேலை தேடியோ இருக்கிறார்கள். அந்தச் சிறிய தொகையிலிருந்து இன்னும் சிலரைக் கழற்றிவிடுவதற்கு ஒரு கடிதம் போதும்.

இனி எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். வீடு நல்லது, கந்தோர் கெட்டது என்று இந்த மேடையில் சொன்னால் அது நமது சங்கத்தின் நூறு வருடத்துக்குச் செய்யும் துரோகம்.

சங்கம் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1931இல்தான். அந்தக் காலத்தில் படித்து முடித்த பெண் வாசல் தாண்டி வேலைக்குப் போவது வீட்டில் ஒரு போராட்டம். ரீச்சராக, தாதியாக, பின்னர் எழுதுநராக, ஒவ்வொருவரும் ஒரு வாசலைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கந்தோர் என்றால் சொந்தப் பெயரில் ஒரு கதிரை, சொந்தக் கையில் ஒரு சம்பளம். ‘இன்னாருடைய மனைவி’ என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் இடம். நாங்கள் அதைச் சுலபமாக விட்டுக்கொடுக்கலாமா?

வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். “அவ வீட்டிலதானே இரிக்கா” என்ற ஒரு வசனத்தில் எங்கள் எட்டு மணித்தியாலமும் காணாமற் போய்விடும். கூட்டத்தின் நடுவில் காஸ் கொண்டுவருபவர் கூப்பிடுவார். மாமி அறை வாசலில் நின்று, “புள்ள, யாரோட கதைக்காய்?” என்பார். இரவு பத்து மணிக்குப் பிள்ளை உறங்கிய பிறகு விட்ட வேலையைத் தொடங்குவோம். கந்தோரில் இருந்தால் ஐந்து மணிக்கு எழுந்து வரலாம். வீட்டுக் கந்தோருக்குப் பூட்டு இல்லை. எங்களுள் சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள்: “எனக்குக் கடிதம் வந்தால் சந்தோசமாகப் போவேன். போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு கந்தோர் இல்லை என்பதுதான் என் கவலை.”

சீனாவின் பயண முகவர் நிறுவனமொன்றில் நிக்கலஸ் புளூம் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. தொலைபேசியில் பதிலளிக்கும் ஊழியர் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். வேலை நூற்றுக்கு 13 வீதம் கூடியது. ஆனால் அதே அளவு திறமை காட்டியும் கந்தோரில் இருந்தவரைவிட இவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமையைத் தாங்கமாட்டாமல் பலர் திரும்பவும் வந்தார்கள். கண்ணில் படாதவர் பெயர் நினைவில் வராது. மாடு மேய்க்கப் போனவளுக்கும் பங்கு வைக்க ஒருவர் நினைத்திருக்க வேண்டுமல்லவா?

அதே நிறுவனத்தில் அவர் செய்த இன்னொரு ஆய்வு 2024இல் வந்தது. 1,612 ஊழியர், ஆறு மாதம். ஒரு பகுதியினர் ஐந்து நாளும் கந்தோருக்குப் போனார்கள், மறு பகுதியினர் மூன்று நாள் கந்தோர், இரண்டு நாள் வீடு. அதன்பின் இரண்டு வருடம் பார்த்தும் வேலைத்தரத்திலோ பதவி உயர்விலோ வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு நாள் வீட்டில் இருந்தவர்களில் வேலையை விட்டுப் போனவர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் குறைவு குறிப்பாகப் பெண்களிடத்தும், முகாமையாளர் அல்லாதவர்களிடத்தும், நெடுந்தூரம் பயணம் செய்பவர்களிடத்தும் காணப்பட்டது. தொடங்கும்போது வேலை குறையும் என்று நினைத்த முகாமையாளர்கள் முடிவில் கூடும் என்று மனம் மாறியிருந்தார்கள். பார்த்துப் பழகியதும் பயம் தெளிந்தது.

எங்கள் முடிவு இதுதான். கந்தோர் என்பது கட்டடம் அல்ல, ஆட்கள். ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதற்காகக் கூடுவது நல்லது. ஆளை எண்ணுவதற்காகக் கூட்டுவது வீண். எது எதற்காக என்று கேட்கும் உரிமை அழைக்கப்படுபவளுக்கு வேண்டும்.

இனி மூன்று தரப்பினரிடம் மூன்று வேண்டுகோள்.

முதலில், கடிதம் வாங்கிய தங்கச்சிமாருக்கு. கோபத்தில் உடனே விலகல் கடிதம் எழுதாதீர்கள். அதைத்தான் சிலர் எதிர்பார்க்கிறார்கள். எந்த வேலைக்காக, யாருடன் இருக்க, எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். செய்து முடித்த வேலையின் கணக்கை மாதாமாதம் குறித்து வைத்திருங்கள், அதுதான் உங்கள் சாட்சி. “வீட்டில் இருப்பதானால் ஒப்பந்தக்காரியாக மாறிக்கொள்” என்று யாராவது சொன்னால் அவதானமாக இருங்கள். நிரந்தர ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஒப்பந்தம் என்ற சொல்லில் அவை கரைந்துபோகலாம். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் வீட்டில் இருந்து நெசவு செய்த பெண்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அவர்கள் எங்கே இருந்து நெய்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. முதுமையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்றும் யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது, கடிதம் அனுப்பும் அக்காமாருக்கு. ஆம், நம் சங்கத்தில் அவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில், லண்டனில், மெல்பேணில், ரொறன்ரோவில் பிரிவுத் தலைவியராக, பணிப்பாளராக இருக்கும் நம் பெண்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெண் வராததால் எந்த வேலை கெட்டது? அவள் வரும் நாளில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அங்கே இருப்பாரா? அவள் வருவதற்கு அவள் வீடு கொடுக்கும் விலை என்ன? மூன்றுக்கும் நேர்மையான மறுமொழி இருந்தால் வரச் சொல்லுங்கள், அவள் மனமுவந்து வருவாள். அதோடு, பதவி உயர்வுப் பட்டியல் எழுதும்போது கண் முன்னால் இல்லாதவர்களின் பெயர்களையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நமது சங்கத்துக்கு. தமிழ்நாட்டில் சோகோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்தில் இருந்துகொண்டு வேலை செய்தவர். சென்னையில் பெரிய வளாகம் இருந்தும் அந்த நிறுவனம் சிற்றூர்களிலும் கந்தோர்களைத் திறந்தது. ஆட்களைக் கந்தோருக்கு அழைப்பதற்குப் பதிலாகக் கந்தோரை ஆட்களிடம் கொண்டுபோனார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் நூற்றாண்டு நினைவாக என்ன கட்டுவது என்று செயற்குழு கேட்டிருக்கிறது. வாயில் வளைவும் வேண்டும், பளிங்குக் கல்வெட்டும் வேண்டும். அவற்றோடு களுதாவளையில் ஓர் அறையும் கேட்கிறோம். நல்ல இணைய இணைப்பு, மின்வெட்டிலும் அணையாதிருக்க சூரியப் படலும் மின்கலமும், பத்து மேசை, சத்தம் கேட்காமல் கதைக்க இரண்டு சிறு தடுப்பறைகள், பாடசாலை விட்டு வரும் பிள்ளை இருந்து எழுத ஒரு மூலை. வெவ்வேறு கொம்பனிக்கு வேலை செய்யும் பெண்கள் காலையில் சீலை மாற்றி, சாப்பாட்டுப் பெட்டியுடன் அங்கே வரட்டும். “அவ வீட்டிலதானே இரிக்கா” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதியவளுக்கு மூத்தவள் பக்கத்தில் இருப்பாள். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் கடிதம் வாங்கியவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் சேர்ந்து ஒரு மறுமொழி எழுதினோம். ஐந்து வருட வேலையின் கணக்கை இணைத்தாள். மாத முடிவுக் கணக்கு மூடும் வாரத்தில் கொழும்புக்கு வருகிறேன், புதிதாகச் சேர்ந்த இருவருக்கும் அந்த வாரத்தில் நானே பழக்கிக் கொடுக்கிறேன், மற்ற வாரங்கள் ஊரில் இருந்து செய்கிறேன் என்று கேட்டாள். ஆறு மாதத்துக்குப் பார்ப்போம் என்று மறுமொழி வந்திருக்கிறது. ஏழாவது மாதம் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. போகும் வாரத்தில் பிள்ளையை அம்மம்மா பார்க்கிறார், வெற்றிலைக்குத் தண்ணீர் ஊற்ற நாங்கள் முறை வைத்துப் போகிறோம்.

இன்று இந்தக் கூட்டத்தில் அவள் இல்லை. இது கணக்கு மூடும் வாரம். நேற்றிரவு பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்தோம். உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டோம்.